ராஜாவுக்கு வலப்பக்கம் நின்ற சிப்பாய்

கதிரு, இதை ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்காதே. ரூமுக்குப் போய், கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நான் ஆரம்பித்ததுமே, "வுடுப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நீ வெட்டிவிடுவாய். வாழ்நாள் முழுக்கத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே பேசியவன் நான். உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. கிறுக்கல் புரியாவிட்டால் பொறுத்துக்கொள், ஆனால் நடுவில் மூடி வைத்துவிடாதே.

விஷயம் இதுதான். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு நாம் எல்லாரும் விழுப்புரம் போவோம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் உன் மாமனார் செஸ் போர்டை விரித்து என்னை எதிரில் உட்காரச் சொல்வார். நிச்சயதார்த்தத்தன்றே அப்படிப் பேச்சாகிவிட்டது. உனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று அந்த வீடு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு செஸ் தெரியாது என்பது உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த விருந்தில் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் நீயும் நானும் இத்தனை வருஷமாகப் பேசாமலே வைத்திருக்கிற ஒன்றைப் பேசியாக வேண்டும். பேனாவை எடுக்கும்போதே உடம்பு கூசுகிறது.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை லீவில் பக்கத்து வீட்டு மதிலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டாயே, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. தெருவில் பையன்கள் கத்துகிற சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன செஸ் பெட்டி கிடைத்தது. டைம் கீப்பர் மேசையில் கொஞ்சநாள் வைத்துப் பார்த்தோம். யாரும் தேடி வரவில்லை என்றதும் உனக்காக எடுத்துக்கொண்டு வந்தேன். காய்களைப் பாயில் கொட்டியதும் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "எப்படிப்பா ஆடுறது இது?" என்று கேட்டாய். விக்கிரவாண்டி டீக்கடையில் லாரி டிரைவர்கள் இரண்டு பேர் ஆடியதை, டீ ஆறுகிற நேரத்துக்குப் பார்த்ததுதான் எனக்கும் செஸ்ஸுக்கும் உள்ள சொந்தம். யானை நேராகப் போகும், குதிரை வளைந்து தாண்டும், ராஜா மாட்டினால் ஆட்டம் முடிந்தது. "தெரியாதுடா கண்ணு, யாரையாவது கேட்டுக்கினு வர்றேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது சாதாரண ஆட்டம் இல்லடா, இது ஒரு பெரிய சண்டையோட கத" என்று ஆரம்பித்தேன்.

அந்தக் கதை எனக்கே இன்னும் மறக்கவில்லை. வெள்ளை, திண்டிவனத்து ராஜா. கறுப்பு, விழுப்புரத்து ராஜா. நடுவில் காலியாக இருக்கிற கட்டமெல்லாம் வற்றிப்போன ஏரி. மழை வந்து அந்த ஏரி நிறைந்தால் தண்ணீர் யார் ஊர் மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலைப் பயிருக்கு, பாய்வது என்பதுதான் சண்டை. யானை ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற மாதிரி நேராகத்தான் போகும், திரும்பத் தெரியாது. மந்திரிகள் எதையும் நேராகப் பேசாதவர்கள், அதனால் சாய்ந்து சாய்ந்துதான் போவார்கள். ராணி எந்தப் பக்கமும் போவாள், யாரும் தடுக்க முடியாது, உன் அம்மாவைப் போல. குதிரை ஒருவனை வெட்டினால் அதற்குத் தாகம் எடுக்கும், அடுத்த முறை அது நகரக்கூடாது, தண்ணீர் குடிக்க விட வேண்டும். செத்த வீரனைச் சும்மா தூக்கிப் போடக்கூடாது, அவன் பேரைச் சொல்லி ஒரு வரி அழுதுவிட்டுத்தான் சொம்புக்குள் போட வேண்டும். நீ ஒவ்வொருத்தனுக்கும் ராகம் போட்டு அழுவாய். "வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்ல இன்னாடா ஒப்பாரி, அப்பனும் புள்ளையும்" என்று அடுப்படியிலிருந்து உன் அம்மா கத்துவாள். எதிரி ஊரின் கடைசிக் கட்டம் வரைக்கும் உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்ட சிப்பாய்க்கு மட்டும் இனிமேல் சண்டை கிடையாது. அங்கேயே பெண் கட்டிக்கொண்டு அவன் தங்கிவிடுவான்.

எல்லாவற்றுக்கும் முதலில் களப்பலி. நம் பக்கத்துத் தீமிதித் திருவிழாவில் சண்டைக் கூத்துக்கு முன்னால் அது நடப்பதை நீ என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஜெயிக்க வேண்டிய பக்கம் தன் பிள்ளைகளில் ஒருவனைக் களத்துக்குக் கொடுத்தால்தான் சண்டையே தொடங்கும். அதையே இங்கேயும் வைத்தேன். முதல் காயை நகர்த்துமுன், ராஜாவுக்கு வலப்பக்கம் நிற்கிற சிப்பாயை எடுத்துக் கண்ணில் ஒற்றி, "களப்பலி!" என்று சத்தமாகச் சொல்லி, போர்டுக்கு வெளியே படுக்க வைக்க வேண்டும். முதல்நாள் நீ அவனைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று உள்ளங்கையில் மூடிக்கொண்டாய். "அவனுக்கும் அம்மா இருப்பா இல்லப்பா?" என்றாய். "யாரும் அவன அனுப்பலடா. அவனாத்தான் கேட்டுக்கினு வந்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் நீ கையைத் திறந்தாய். கதை கட்டுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதை நீ அப்படி நம்புவாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உன் கட்டைப் பிரித்த பிறகும் நம் வீட்டில் அந்தச் சண்டை நிற்கவில்லை. என் ஓய்வு நாளெல்லாம் அந்தப் பாயிலேயே கழிந்தது. என் வாழ்க்கையில் நான் நல்ல தகப்பனாக இருந்தது அந்தப் பாயில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன், அதனால்தான் பிறகு செய்தது இன்னும் கசக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் விழுப்புரத்தில் செஸ் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டபோது நீயாகவே கையைத் தூக்கிவிட்டு வந்தாய். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏதாவது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சமாளித்துக்கொள்வான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். காலையில் என் பஸ்ஸிலேயே போனோம். "எதிரி கோட்டைக்கே போறோம்பா" என்று வழியெல்லாம் நீ கூத்தடித்தாய். டிரைவர் ஹாரனை அடித்து உன்னை வழியனுப்பி வைத்தார். எனக்குப் பதிலாக வேறொரு கண்டக்டரை வண்டியில் ஏற்றிவிட்டு, காக்கிச் சட்டையோடே உன்னுடன் அந்த ஹாலுக்கு வந்தேன். வரிசையாக மேசை. பிள்ளைகளுக்குப் பின்னால் கயிறு கட்டி அப்பா அம்மாக்களை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் நல்ல பேண்ட் சட்டை. நான் ஒருவன்தான் தோளில் பையும் விரல் இடுக்கில் டிக்கெட் கட்டுமாக நின்றேன்.

மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் குனிந்து காய் நகர்த்தினார்கள். நீ மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, ராஜாவுக்கு வலப்பக்கச் சிப்பாயை எடுத்துக் கண்ணில் ஒற்றி, நம் வீட்டில் சொல்கிற அதே சத்தத்தில், "களப்பலி!" என்றாய். எதிரில் இருந்த பையன் விழித்தான். பிறகு சிரித்தான். மேசைக்கு மேசை அந்தச் சிரிப்பு பரவி, கயிற்றுக்குப் பின்னாலிருந்த பெரியவர்கள் வரைக்கும் வந்துவிட்டது. நடுவர் வந்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை. "காய வெளிய வெக்கக் கூடாதுப்பா. இப்படி ஆட யாரு ஒனக்கு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பயந்தெல்லாம் பார்க்கவில்லை. அந்த ஆளுக்கு விஷயம் தெரியவில்லை, அப்பா வந்து எடுத்துச் சொல்வார் என்கிற மாதிரிப் பார்த்தாய். நடுவரும் திரும்பினார், கூட்டமும் திரும்பியது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனாலும் என் கையாலேயே எழுதுகிறேன். "தெரியல சார். தெருப்பசங்களோட சேந்து ஏதோ வெளாடிக்கினு கெடப்பான். நமக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்றேன். கூடவே ஒரு சிரிப்பும் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்த அதே சிரிப்பு. நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, "நானாத்தான் சார் வெச்சிக்கினேன்" என்று சொல்லிவிட்டு, படுக்க வைத்திருந்த சிப்பாயை எடுத்துப் பழைய கட்டத்திலேயே நிறுத்தினாய். அந்த ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு வருஷமாகச் சொல்லாதவன், சொல்லக் கூடாத இடத்தில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பார். கதையில் ஜெயிப்பதற்காகவாவது பிள்ளையைக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக நான் உன்னைக் கொடுத்துவிட்டேன். நீயும் அந்தக் களப்பலிச் சிப்பாயைப் போலவே, நானாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இதை எழுதும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, எதிரில் யாரும் இல்லாதபோதும்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உன்னை உட்கார வைத்துவிட்டு, "எதுக்குடா அங்க போயி அப்படிக் கத்துன? மானம் போச்சு" என்று திட்டினேன் வேறு. யார் மானம் என்று நீ கேட்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய். "அப்பா, யான நேரா போறது நெசமா, அதுவும் பொய்யா?" என்று கேட்டாய். நெசம் என்றேன். "மந்திரி சாஞ்சு போறது?" அதுவும் நெசம் என்றேன், அது நெசமா என்று அப்போது எனக்கே தெரியாது. "குதுர தண்ணி குடிக்கிறது?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்தப் பிள்ளைக்கும் தன் அப்பன் சொன்னதில் எது நெசம், எது பொய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிற நிலைமை வரக்கூடாது.

அதற்குப் பிறகு நீ விளையாட்டு வாத்தியாரிடம் கேட்டு, லைப்ரரியில் புத்தகம் எடுத்து, நீயாகவே முறையாகக் கற்றுக்கொண்டாய். மாவட்டம் வரைக்கும் ஆடி கோப்பை வாங்கினாய். கோப்பையைப் பார்த்தவர்களிடம் நான் பெருமை பேசினேன், அதிலும் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த நாளுக்குப் பிறகு, வெளியாட்கள் யாராவது உன்னை ஏதாவது கேட்டால் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலேஜ் சேரும்போது, வேலைக்கு எழுதிப் போடும்போது, பெண் பார்க்கப் போனபோதுகூட, நேராக முன்னால் பார்த்து நீயே பதில் சொல்லிவிடுவாய். மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. திரும்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாய். பையன் தைரியசாலி என்று ஊரார் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத இந்த வியாதி செஸ்ஸோடு நிற்கவில்லை. ஒருநாள் ஆள் இல்லையென்று பாண்டி ரூட்டில் என்னை ஏற்றிவிட்டார்கள். இரும்பை கோயிலுக்குப் போக வேண்டும், எங்கே இறங்குவது என்று வயதான புருஷன் பெண்சாதி கேட்டார்கள். அந்த ரூட் எனக்குப் புதிது. டிரைவரைக் கேட்டிருக்கலாம். நானோ பெரிய ஆள் மாதிரி, "ஜல்தி எறங்குங்க, இதான் ஸ்டாப்பு" என்று உச்சி வெயிலில் பொட்டலான ஒரு கூட்ரோட்டுச் சந்திப்பில் அவர்களை இறக்கிவிட்டேன். இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் திருச்சிற்றம்பலம் கூட்ரோடு வந்தது. அங்கே ஒரு பெண் டிரைவரிடம், "இரும்பைக்கு இங்கதானே எறங்கணும்?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். நான் விசிலை ஊதி வண்டியைக் கிளப்பினேன். கதிரு, நீ புதுக் குடித்தனம் போகிறாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற வாணி உன்னிடம் ஆயிரம் கேட்பாள். வீட்டுக்காரன் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று என்னைப் போல முறுக்கிக்கொண்டு நிற்காதே. தெரியலை என்று சொன்னால் அவள் உன்னை ஒன்றும் குறைவாக நினைக்க மாட்டாள். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் சுமந்தது உன் அம்மாதான், பிறகு நீ.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். உன் மாமனார் ஹெட்மாஸ்டராக இருந்தவர், நாலு பேர் நடுவில் பேசத் தெரிந்தவர். தட்டு மாற்றுவதற்கு முன்னால் எழுந்து, "கண்டக்டர் வேல பாத்துக்கினே, கால் ஒடஞ்சு கெடந்த புள்ளைக்குப் பக்கத்துல ஒக்காந்து செஸ் சொல்லிக்குடுத்து, மாவட்டம் வரைக்கும் ஆட வெச்சிருக்காருங்க எங்க சம்பந்தி. இவருக்குத்தான் மொத மரியாத" என்று சொல்லி என் தோளில் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள். அந்தப் பொன்னாடை என் தோளில் நெருப்பாகக் கிடந்தது. பிறகு அவர் டீப்பாய் மேல் போர்டை விரித்து, "வாங்க சம்பந்தி, ஒரு ஆட்டம்" என்றார். எனக்குள்ளிருந்து, அன்றைக்கு ஹாலில் நின்ற அதே ஆள்தான் மறுபடியும் வாயைத் திறந்தான். "கண்ணுல சொட்டு மருந்து வுட்டிருக்கேன் சம்பந்தி. கட்டமெல்லாம் கலங்கித் தெரியுது." நீ பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவேயில்லை. "ஆமா மாமா, நேத்துதான் டாக்டரு குடுத்தாரு. அப்பா மறுவீட்டுக்கு வரும்போது ஆடுவாரு. இப்ப நான் ஆடறேன் வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். எனக்காக நீ பொய் சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை உனக்குப் பத்து வயசு.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். உனக்கு வெள்ளை. முதலில் ராஜாவுக்கு முன்னால் நிற்கிறவனை நகர்த்தினாய். அடுத்ததாக, ராஜாவுக்கு வலப்பக்கச் சிப்பாயின் தலையில் விரலை வைத்து ஒரு நொடி நிறுத்திவிட்டு, அவனை நேராக எதிரியின் வாய்க்கு முன்னால் தள்ளினாய். மாமனார் வெட்டிப் போட்டார். மாமனார் ஜெயிக்கட்டும் என்று மரியாதைக்கு விட்டுக்கொடுக்கிறாயோ என்று நினைத்தேன். கடைசியில் நீதான் ஜெயித்தாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அம்மா, பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தெரியலன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?" என்றாள். பொன்னாடை இப்போது பீரோவில் இருக்கிறது. நான் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற செஸ் வகுப்புக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது, உன் அம்மாவிடமும் மல்லாட்டை வாங்கப் போவதாகத்தான் சொன்னேன். முழங்கால் வலியோடு படி ஏறி வாசலில் நின்றால், "தாத்தா, யார கூட்டிக்கினு போக வந்தீங்க?" என்று ஒரு வாண்டு கேட்டது. கற்றுக்கொள்ள வந்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். கதிரு, நான் அதைச் சொன்ன பிறகு ஒன்றுமே ஆகவில்லை. அந்தப் பிள்ளை கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டது, அவ்வளவுதான். சொல்லித்தருகிற பெண்ணுக்கு உன் வயசுகூட இருக்காது. காய் அடுக்குவதிலிருந்து ஆரம்பித்தாள். ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி என்னைத் தோற்கடித்துவிட்டு, "அழுவாதீங்க தாத்தா, எனக்கும் மொதல்ல இப்படித்தான்" என்று தேற்றினாள்.

ஒருநாள் நீ நிச்சயதார்த்தத்தில் ஆடியதைச் சொல்லித்தருகிற பெண்ணிடம் வைத்துக் காட்டி, இது தப்பான ஆட்டமா என்று கேட்டேன். "தப்பு இல்லீங்க ஐயா. ராஜாவுக்குப் பக்கத்து சிப்பாய தெரிஞ்சே குடுத்து ஆடுறது. பழைய ஆட்டம். இப்ப ரொம்பப் பேரு ஆடறதில்ல, ராஜா பக்கம் காவல் போயிடும்னு பயப்படுவாங்க. இத ஆடறவரு யாருங்க?" என்றாள். என் பையன் என்றேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். உலகத்தில் எத்தனையோ ஆட்டம் இருக்க, புத்தகத்தில் தேடித்தேடி நம் களப்பலி இருக்கிற ஆட்டத்தையா நீ எடுத்துக்கொண்டாய்? நான் உன்னை விட்டுக்கொடுத்த பிறகும் நீ அந்தக் கதையை விட்டுக்கொடுக்கவில்லையே. வெள்ளைக் காய் கைக்கு வரும்போதெல்லாம் எனக்காக அந்தச் சிப்பாயின் தலையில் விரலை வைத்துவிட்டுத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாயா? செல்போன் கடைக்காரர் வந்து, "இன்னா பெரியவரே, மயக்கமா?" என்று கேட்கிற வரைக்கும் அழுதுகொண்டிருந்தேன்.

போன வாரம் பத்திரிகை வைக்க விழுப்புரம் போனபோதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வார்த்தையெல்லாம் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். வாணி காபி கொண்டுவந்தாள். "மாமா, நீங்க அவருக்கு செஸ் சொல்லிக்குடுத்த கத எனக்கு ரொம்பப் புடிக்கும். ஏரி, மல்லாட்டக் கொல்ல, தண்ணி குடிக்கிற குதுர எல்லாம் சொல்லியிருக்காரு. எங்கப்பா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாரு, எங்கூட அப்படி ஒருநாளும் பாயில ஒக்காந்ததில்ல. எனக்கும் அந்த ஆட்டத்த கத்துக்குடுக்கணும்" என்றாள். அப்போதுதான் புரிந்தது. நீ அவளிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பாயில் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டு, ஹாலுக்குப் போகுமுன் நிறுத்திக்கொண்டிருக்கிறாய். நல்லவனாக இருந்த அப்பனை மட்டும் பொறுக்கி எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறாய். நான் வாயைத் திறந்தேன். "விழுப்புரத்துலேருந்து கடைசி வண்டி இப்ப எத்தன மணிக்கும்மா?" என்று கேட்டேன். இந்த வழியில் எல்லா வண்டி நேரமும் எனக்கு மனப்பாடம். வெட்கம் கெட்டவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகையால் இனி எனக்கு மறுவீட்டு விருந்துதான் இருக்கிறது. அதற்குமுன் இந்தக் கடிதத்தை வாணியிடம் கொடு. கல்யாணத்துக்கு முன்னாலேயே கொடு. மிச்சக் கதை என்னிடமிருந்து உங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், உன் கையிலிருந்து அவளுக்குப் போகட்டும். கோபப்பட்டால் என் மேல் படட்டும். அவளுக்கு அந்த ஆட்டம் வேண்டுமென்றால் நான் பாய் விரித்துக் கற்றுக்கொடுக்கிறேன், இது பொய் ஆட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் என்ன வேண்டுமானாலும் ஆகலாம், ராணியாகக்கூட ஆகலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். இருக்கட்டும். திண்டிவனத்துப் பையன் விழுப்புரத்தில் பெண் கட்டுகிற என்னுடைய ஆட்ட விதியும் ஒன்றும் மோசமில்லை.

விருந்தன்று பொன்னாடையைப் பையில் வைத்துக் கொண்டுவருவேன். உன் மாமனார் போர்டை விரிப்பார். எனக்காகச் சொட்டு மருந்து, தலைவலி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நீ ஒன்றும் எடுத்துக்கொண்டு வராதே, நாற்காலியை இழுக்காதே. நான் உட்காருவேன். ஆடத் தெரிந்த வரைக்கும் ஆடுவேன், தோற்பேன். ஆனால் காயைத் தொடுமுன், பொன்னாடையை அவர் பக்கம் வைத்துவிட்டு, அந்த ஹாலில் நடந்ததை அவர் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே சொல்லப்போகிறேன். நான் மறுபடியும் தடுமாறுவேன், என்னை எனக்குத் தெரியும். பஸ் நேரம் கேட்டுவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அதற்கு உன்னிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். கேட்பதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. களப்பலியை வைத்து ஆட யாருங்க மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது என்று, நான் ஹால் கதையைத் தொடங்கித் தடுமாறி நிற்கும்போது அவர்களில் யாராவது உன்னைக் கேட்டால், நேராக முன்னால் பார்க்காதே, நானாகத்தான் என்று சொல்லாதே. பத்து வயசில் கடைசியாகப் பார்த்தாயே, அதே மாதிரி திரும்பி என்னைப் பார்.

உன் அப்பா